கண்ணாடி மட்டும் போதும்

மூக்குக் கண்ணாடிக் கடையில் டீச்சரம்மா என்றால்தான் அவளைத் தெரியும். அவள் ஒரு நாளும் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியதில்லை. வருகிறவர்களை முக்காலியில் உட்காரவைத்து, சுவரில் இருக்கும் எழுத்துகளை வாசிக்கச் சொல்லி, தடுமாறினால் “அவசரமில்ல, நிதானமா பாருங்க” என்று தட்டிக்கொடுப்பாள். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். கண்ணாடி தயாரானால் யார் கையிலும் கொடுத்துவிட மாட்டாள். தானே இரண்டு கையாலும் ஃபிரேமை விரித்து, எதிரில் இருப்பவரின் காதுகளில் மாட்டி, மூக்கின்மேல் கட்டைவிரலால் லேசாக அழுத்தி, “ஆண்டவர் உங்கள ஆசீர்வதிக்கட்டும்” என்பாள். சின்ன வயதில் அவள் வாசல் தாண்டும்போதெல்லாம் அம்மா நெற்றியில் சிலுவை வரைந்து சொன்ன வார்த்தை அது. எதிரில் இருப்பவர் கோயிலுக்குப் போகிறவரா, பள்ளிவாசலுக்குப் போகிறவரா, எங்குமே போகாத ஆளா என்றெல்லாம் பார்த்துச் சொல்ல அவளுக்கு வராது. தும்மல்போல அது பாட்டுக்கு வந்துவிடும்.

போன வாரம் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி, மறுபடி தானே மாட்டிக்கொண்டார். “எனக்கு என் சாமி இருக்கார்ம்மா. கண்ணாடி மட்டும் போதும்” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் இரண்டு வார்த்தை பேசி ஆறியிருப்பாள். அவர் மரியாதையாகச் சொன்னார். அதுதான் முள்ளாகத் தைத்தது. இத்தனை நாளும் எத்தனை பேர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்களோ என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு கூசியது. அன்றிலிருந்து வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டாள். “பத்திரமா வெச்சுக்குங்க” என்று சொல்லி எல்லாரையும் அனுப்பினாள். கல்லாவில் இருந்த முதலாளி கவனித்தார். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை.

பாய் கேட்டிருக்கலாம். மரத்தடுப்புக்குப் பின்னால் லென்ஸ் தேய்க்கிற மெஷினோடு பல வருஷமாக மல்லுக்கட்டுகிறவர் அவர். சாயங்காலம் அவள் கிளம்பும்போது தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்து அதே வார்த்தையைச் சொல்வதும், அவர் தலை நிமிராமல் “ஆமீன்” என்பதும் கடையைச் சாத்துகிற வேலைகளில் ஒன்றாகவே ஆகியிருந்தது. அவரிடமும் இந்த வாரம் “வரேன் பாய்” என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

மனைவியின் இதய ஆபரேஷனுக்கு முதல் நாள், பாய் மதியமே கிளம்பினார். கையில் துணியில் சுற்றிய மனைவியின் கண்ணாடி. புது லென்ஸை அவரே தேய்த்துப் போட்டிருந்தார்.

“காலைல ஆபரேஷன், டீச்சரம்மா. நான் கிளம்பறேன்.”

வார்த்தை தொண்டைவரை வந்தது. விழுங்கினாள். “எல்லாம் நல்லபடியா நடக்கும் பாய். தைரியமா போயிட்டு வாங்க.”

பாய் தலையாட்டினார். ஆனாலும் உடனே நகரவில்லை. எதற்கோ காத்திருக்கிற மாதிரி நின்றுவிட்டு, பிறகு படி இறங்கினார். அவளுக்கு மனசு கேட்கவில்லை. முக்காலியில் ஒரு அம்மா காத்திருந்ததால் வேலையைப் பார்த்தாள்.

அந்த அம்மா கடைசி வரியில் முழித்துக்கொண்டிருக்கும்போது பாய் திரும்பி வந்தார். பஸ் ஸ்டாப் வரை போய் வந்திருக்கிறார். முகம் வெளுத்திருந்தது.

“ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. உங்க தங்கச்சி என் வீட்டுக்காரி சேந்திருக்கற வார்டுலதானே நர்ஸா இருக்கு. ஏதாவது சொல்லுச்சா?”

“என்ன பாய், என்ன சொல்லணும்?”

“ஒரு வாரமா நீங்க அந்த வார்த்தைய எனக்குச் சொல்லல. இன்னிக்காவது சொல்வீங்கன்னு நின்னேன். அவ பொழைக்க மாட்டான்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, அதான் வாய் வரலன்னு...”

யார் மனசும் நோகக்கூடாது என்று மூடின வாய், நோகவே கூடாத ஒருவரை இப்படி நோகடித்துவிட்டதே.

“என் தங்கச்சி ஒண்ணுமே சொல்லல பாய். சத்தியமா.” நடந்ததைத் திக்கித்திணறிச் சொன்னாள். “நீங்களும் வேற மார்க்கம். மரியாதைக்காகப் பொறுத்துக்கிட்டு இருக்கீங்களோன்னு தோணிடுச்சு. நானா நிறுத்திட்டேன்.”

பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அவருக்கு வேணாம்னா அவருக்குச் சொல்லாதீங்க. அது நியாயம். நான் வேணாம்னு சொன்னேனா? இத்தன வருஷமா ஆமீன் சொன்னது யாரு, அந்த மெஷினா?”

முக்காலியில் இருந்த அம்மா சிரித்துவிட்டு, சிரிக்கலாமா என்று முதலாளியைப் பார்த்தார்.

பாய் துணியைப் பிரித்துக் கண்ணாடியை நீட்டினார். “முழிச்சதும் மொதல்ல இதத்தான் தேடுவா.”

அவள் வாங்கிக்கொண்டாள். எதிரில் முகம் ஒன்று இருக்கிற மாதிரியே இரண்டு கையாலும் ஃபிரேமை விரித்து, வெறும் காற்றில் பிடித்தாள். பாயின் மனைவியை அவள் நாலைந்து தடவைதான் பார்த்திருக்கிறாள். அந்தக் காதுகள் எந்த உயரத்தில் இருக்கும் என்று நினைத்துப் பார்த்து, கையைக் கொஞ்சம் இறக்கினாள். மூக்கில் உட்காரும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

“ஆண்டவர் உங்கள ஆசீர்வதிக்கட்டும்.”

“ஆமீன்” என்றார் பாய்.

வாங்கியவர் அதை மடிக்கவில்லை, துணியிலும் சுற்றவில்லை. அவள் கொடுத்தபடியே விரித்துப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். பஸ் வந்து நின்றது. கம்பியைப் பிடிக்க ஒரு கையை எடுத்தாக வேண்டும். எடுத்தார். மறு கையில் கண்ணாடியைத் தன் முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தபடி படியேறினார்.