மேலத்தெருவுக்கும் அதே பத்துக் கேள்வி

“லிஸ்ட்டு எங்க, அம்மிணி?”

கந்தப்பன் சாப்பாட்டு மேசைக்கு எதிரே வந்து நின்று கையை நீட்டினார். யோகப்பிரியா காதிலிருந்த இயர்போனைக் கழற்றினாள். கைப்பேசித் திரையில் ஒரு டாக்டர் சிரித்த முகத்தோடு ஒரு நோயாளியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“எந்த லிஸ்ட்டுங்க மாமா?”

“குடிகாரனுக லிஸ்ட்டு. அதுக்குத்தான நீ போன்ல படிச்சுட்டு இருக்கறயாமா? காலனில எவனெவன் குடிக்கறான்னு பேரோட எழுதிக் குடு. கோயில் கமிட்டில வெக்கோணும்.”

யோகப்பிரியா கேரள எல்லைக்குள் வடகரப்பதிப் பக்கத்தில், சப்சென்டர் எனப்படும் துணைச் சுகாதார நிலையம் ஒன்றில் நர்ஸ். குடிப்பவர்களிடம் ஐந்து பத்து நிமிடம் எப்படிப் பேசுவது, என்ன ஆலோசனை சொல்வது என்று களப்பணியாளர்கள் எல்லோரும் ஆன்லைனில் ஒரு பயிற்சி முடிக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. ஹெல்த் இன்ஸ்பெக்டர் வீடியோவை ஓட விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். கடைசிப் பரீட்சைக்கு விடைகளை வாட்ஸ்அப்பில் வாங்கிச் சான்றிதழும் வாங்கிவிட்டார். யோகப்பிரியா ஒரு பாடத்தையும் தள்ளாமல் கேட்டாள். பதினோரு வருடச் சர்வீஸில் குடியைப் பற்றி அவளுக்குத் தரப்பட்டதெல்லாம் சுவரில் ஒட்டும் மண்டையோட்டுப் படம்தான். குடிக்கிறவனை உட்கார வைத்து மரியாதையாகக் கேட்கலாம் என்று இப்போதுதான் யாரோ சொல்லித் தருகிறார்கள்.

மாமனாருக்கு லிஸ்ட் வேண்டிய காரணம் வேறு. ஊர் மாரியம்மன் கோயிலில் காலனி ஜனங்கள் வேப்பமரத்தைத் தாண்டி உள்ளே வருவதில்லை. வந்தால் என்ன என்று போன வருடம் காலனிப் பையன்கள் மனுக் கொடுக்க, தாசில்தார் வந்தார், போலீஸ் வந்தது. சாதி சொல்லி யாரையும் தடுக்கமாட்டோம் என்று கமிட்டி கையெழுத்துப் போட்டது. கையெழுத்துப் போட்ட மை காய்வதற்குள் தலைவர் கந்தப்பனின் மூளை வேலை செய்துவிட்டது. சாதியைத்தானே சொல்லக்கூடாது? குடிகாரனுக்குக் கோயிலில் இடமில்லை என்று சொன்னால் எந்தத் தாசில்தார் கேட்பான்? அதற்கு அத்தாட்சியாக அரசாங்க நர்ஸே எழுதிய லிஸ்ட். அந்த நர்ஸ் சொந்த மருமகள்.

இத்தனைக்கும் கந்தப்பனின் தென்னந்தோப்பில் தேங்காய் விழுந்து பல வருடமாகிறது. அத்தனை மரமும் லைசென்ஸோடு கள்ளுக்கு விட்டது. விடிந்தால் வேன் வந்து கேன் கேனாக ஏற்றிப்போகும். அவர் மட்டும் கள்ளைத் தொடமாட்டார். அது கூலிக்காரன் குடிப்பது. அவருக்குப் பாட்டில். சாயங்காலமானால் தோப்பு மோட்டார் ரூமில் மேலத்தெருப் பெரிய மனிதர்கள் கூடுவார்கள். அதற்கு ‘பேசீட்டு இருக்கறது’ என்று பெயர். காலனிக்காரன் குடித்தால் அது குடி. மேலத்தெருக்காரர் குடித்தால் அது உடம்பு அலுப்பு.

“பேரெல்லாம் வெளிய சொல்லக்கூடாதுங்க மாமா,” என்றாள் யோகப்பிரியா. “அதுவுமில்லாம, காலனிய மட்டும் கேக்கறதுக்கில்லீங்க. எல்லா ஊட்டுலயும் ஒரே மாதிரி கேக்கோணும்.”

“எல்லா ஊட்டுலயுமா?” கந்தப்பன் மகனைப் பார்த்துச் சிரித்தார். “கேட்டியாடா?”

மோகனசுந்தரம் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. “அப்பா கேக்கறதக் குடுத்துட்டுப் போயேன். காலனிக்காரனுக்காக உனக்கென்ன இத்தன ரோசம்?”

அவள் இயர்போனை மறுபடி காதில் வைத்துக்கொண்டாள்.

காலனியில் அவளுக்குத் துணை ஆஷா வொர்க்கர் ராசம்மாள், அதே காலனிக்காரி. ஒவ்வொருவராக சப்சென்டருக்கு அழைத்து, கதவைச் சாத்தி, தனியாகக் கேட்டாள் யோகப்பிரியா. மொத்தம் பத்துக் கேள்வி. எத்தனை நாளைக்கு ஒருமுறை, ஒரு தடவைக்கு எவ்வளவு, காலையில் எழுந்ததும் தேவைப்படுகிறதா என்று போகும். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மதிப்பெண்.

கந்தப்பனின் தோப்பில் கள் இறக்கும் நஞ்சன் வந்து நாற்காலி அருகில் நின்றுகொண்டே இருந்தான்.

“உக்காருங்கண்ணா.”

“பண்ணாடி ஊட்டு அம்மிணி முன்னால எப்படீங்க…”

“இது பண்ணாடி ஊடு இல்லீங்கண்ணா. ஆசுபத்திரி. உக்காருங்க.”

உட்கார்ந்தான். பத்துக்கும் ஒளிக்காமல் பதில் சொன்னான். எண்ணிக்கை அபாயக் கோட்டைத் தாண்டியிருந்தது. இந்த அளவு போனால் உடம்பு என்ன ஆகும் என்று சொல்லிவிட்டு, “நீங்க என்ன நெனைக்கறீங்க?” என்று கேட்டாள். நஞ்சன் தன் காப்புக் காய்த்த உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டான்.

“குடிக்காதடான்னு வஞ்சவங்க நெம்பப் பேருங்க அம்மிணி. எங்கய்யன் வஞ்சாரு, பொண்டாட்டி வஞ்சா, பண்ணாடி செருப்பக் கழட்டுனாரு. எத்தன குடிக்கற, ஏன் குடிக்கறன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருங் கேட்டதில்லீங்க.” பிறகு, “வாரத்துல ரெண்டு நாள் உட்டுப் பாக்கறனுங்க,” என்றான்.

வீடியோவில் வந்த நோயாளி மூன்றே நிமிடத்தில் திருந்திவிட்டான். நஞ்சனுக்கு மூன்று வாரம் பிடித்தது. ஒரு காலையில் சப்சென்டர் வாசலில் வந்து நின்று, “நாலு நாள் ஆச்சுங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனான்.

மேலத்தெருவில் கதை வேறு. இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். மற்றவர்கள் கேள்வியைத் தமாஷாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெரிய மனிதர், “ஒரே உக்காருல முக்கா பாட்டில், ஆனா நடை தள்ளாது, எழுதிக்கோ,” என்று மீசையைத் தடவினார். தங்களைக் கேட்பது சும்மா சம்பிரதாயத்துக்கு, நிஜமாகக் கேட்பது காலனியை என்று அவர்களுக்கு அத்தனை நிச்சயம். அந்த நிச்சயத்தில் உண்மையைச் சொன்னார்கள். யோகப்பிரியா அத்தனையையும் எழுதிக்கொண்டாள்.

கடைசியாக அவள் வீடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மோகனசுந்தரம் வெளியே போயிருந்த நேரத்தில், மாமனாருக்கு எதிரே படிவத்தோடு உட்கார்ந்தாள்.

“கேளு கேளு. எனக்கென்ன பயம்?” கால்மேல் கால் போட்டுக்கொண்டார் கந்தப்பன்.

தினமும் என்றார். நாலு ரவுண்டு, விருந்தாளி வந்தால் ஆறு என்றார். எல்லாவற்றையும் ஏக்கர் கணக்குச் சொல்வதுபோலவே சொன்னார். ஒன்பதாவது கேள்வி வந்தது.

“உங்க குடியால உங்களுக்கோ மத்தவங்களுக்கோ எப்பவாச்சும் அடிபட்டிருக்குதுங்களா மாமா?”

“எவனுக்கு? நானென்ன காலனிக்காரனா, ரோட்டுல உழுந்து கெடக்கறதுக்கு? இல்லைன்னு எழுது.”

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. மாமியார் ராமாத்தாள் ஈரக்கையோடு வெளியே வந்தாள். முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் புருஷன் பேசும் இடத்துக்கு அவள் அழைக்காமல் வந்ததில்லை. இடது கையை மேசைமேல், படிவத்தின் பக்கத்தில் வைத்தாள். மணிக்கட்டு எலும்பு கோணலாகக் கூடி ஒரு முண்டாகத் துருத்திக்கொண்டிருந்தது. கிணற்றடியில் வழுக்கி விழுந்தது என்றுதான் இத்தனை நாள் எல்லோருக்கும் சொல்லியிருந்தாள்.

“அவரு சொன்னத எழுதாத, அம்மிணி,” என்றாள். “இத எழுது.”

“உள்ள போடி!”

“எழுதட்டும், போறனுங்க.”

யோகப்பிரியா அப்படியே எழுதினாள். அவள் எழுதி முடிக்கும்வரை ராமாத்தாள் கையை எடுக்கவில்லை. பிறகு உள்ளே போய் மிச்சப் பாத்திரத்தைக் கழுவினாள். படிவம் முடிந்தால் ஆலோசனை சொல்ல வேண்டும் என்பது பாடம். “குடிய நிறுத்தறதுக்கு டாக்டர் உதவி வேணுங்க மாமா, திடீர்னு உட்டா உடம்புக்காகாது,” என்று யோகப்பிரியா சொல்லிக்கொண்டிருக்கும்போதே கந்தப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு தோப்புக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் கோயில் மண்டபத்தில் கமிட்டி கூடியது. காலனியிலிருந்தும் நாலு பேர் வந்து ஓரமாக நின்றார்கள். சுகாதாரத்துறை கணக்கெடுத்திருக்கிறது, நர்ஸ் பேசுவார் என்று செயலாளர் அறிவித்தார். மருமகள் கடைசி நேரத்தில் குடும்பத்தை விட்டுக்கொடுக்கமாட்டாள் என்று கந்தப்பன் இன்னும் நம்பினார். அவருக்குத் தெரிந்த பெண்கள் அப்படித்தான் இருந்தார்கள்.

யோகப்பிரியா எழுந்தாள். “பேரு எதையும் சொல்றதுக்கு எனக்கு அதிகாரமில்லீங்க. தெருவாரியா மட்டும் சொல்றனுங்க. காலனில நாப்பத்தோரு ஆம்பளைங்களக் கேட்டனுங்க. ஒம்பது பேருக்கு ஆபத்தான குடி. மேலத்தெருவுல முப்பத்திமூணு பேரு, பத்தொம்பது பேருக்குங்க.”

குடிகாரனுக்குக் கோயிலில் இடமில்லை என்ற தீர்மானம் அப்படியே நிறைவேறினால் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் யார் நிற்க வேண்டியிருக்கும் என்று பெரிய மனிதர்கள் மனக்கணக்குப் போட்டார்கள். ஐந்தே நிமிடத்தில் புதுத் தீர்மானம் எழுதியாயிற்று. குடிப்பதும் குடிக்காததும் அவரவர் சொந்த விஷயம். கோயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒழுக்கம், பாரம்பரியம், அம்மன் கோபம் என்று ஒரு மாதமாக முழங்கிய வாய்கள் ஒரே குரலில் ‘ஆமாம்’ போட்டன. தங்கள் பாட்டிலைக் காப்பாற்றும் அவசரத்தில், கையிலிருந்த ஒரே சாக்கைத் தாங்களே கிழித்துப் போட்டது அவர்களுக்கு அம்மன் நோன்புத் திருவிழாவன்று காலையில்தான் உறைத்தது. ராசம்மாள் முன்னால் நடக்க, காலனிப் பெண்கள் மாவிளக்கோடு வேப்பமரத்தைத் தாண்டி உள்ளே போனார்கள். தடுக்க வந்தவர்களுக்குச் சொல்ல வாயில் ஒரு வார்த்தை இல்லை.

சொல்ல இல்லாததை எழுதினார்கள். அன்று சாயங்காலம் மோட்டார் ரூமில் கூடி, கிளாஸ் நிரம்ப நிரம்ப வாசகம் சொல்லி, ஒரு புகார் தயாரானது. இரண்டாம் நாள் ஹெல்த் இன்ஸ்பெக்டர் அதை எடுத்துக்கொண்டு சப்சென்டருக்கு வந்தார்.

“பராதி வந்திருக்கு சிஸ்டர். பெரிய ஆளுங்க. ஒரு மாப்பு எழுதிக் குடுத்தா இங்கயே தீர்ந்துடும். இல்லேன்னா மேல போகும். இடுக்கிப் பக்கம் எங்கயாவது தூக்கிப் போடுவாங்க.”

யோகப்பிரியா வாங்கிப் படித்தாள். மானமுள்ள குடும்பத்தவர்களிடம் ‘குடிப்பீர்களா’ என்று கேட்டு மனதைப் புண்படுத்தினார் என்பது குற்றச்சாட்டு. கீழே பதினேழு கையெழுத்து. முதலில் மாமனாருடையது. மூன்றாவதாகக் கணவனுடையது. பாதிக் கையெழுத்துகள் கோட்டுக்குக் கீழே இறங்கிச் சரிந்து கிடந்தன.

கணவனின் கையெழுத்தைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்று சாயங்காலமும் அதே வீட்டுக்குத்தான் போக வேண்டும். பிறகு ஒரு வெள்ளைத்தாளை இழுத்து வைத்துக்கொண்டு எழுதினாள். இன்ஸ்பெக்டர் நிம்மதியாகக் கைகட்டி நின்றார்.

தாளைக் கையில் வாங்கியதும் அவர் முகம் மாறியது. “இது மாப்பு இல்லையே, சிஸ்டர்?”

“இல்லீங்க சார். விளக்கம்.”

அதில் நாலே வரி இருந்தது: ‘எல்லோரையும் ஒரே மாதிரி கேட்டேன். மூன்று மாதத்துக்குள் எல்லோரையும் மறுபடி கேட்க வேண்டும் என்பது பயிற்சி. அதன்படி வரும் பதினைந்தாம் தேதி மேலத்தெருவில் தொடங்குகிறேன். முதல் வீடு எங்கள் வீடு.’