ஒரு வாரம் உயிரோடிருந்த பதில்

ஜோர்டானின் தலைநகர் அம்மானில் அந்தக் குன்றுத் தெருக்களுக்கு வாரத்தில் ஒருநாள்தான் தண்ணீர். அதுவும் ஐந்து மாடி ஏறத் தெம்பில்லாத தண்ணீர். வருகிற நேரத்தில் வீட்டில் இருந்து மோட்டாரைப் போட்டால் உண்டு. இல்லாவிட்டால் அடுத்த முறைவரை தட்டு கழுவுவதற்கும் யோசிக்க வேண்டியதுதான்.

‘எங்கள் முறை எப்போது?’ என்று கேட்பதற்கென்றே நீர் வழங்கல் அலுவலகம் ஒரு தொலைபேசி எண் வைத்திருந்தது. கேட்டதும் கம்ப்யூட்டர், வீட்டின் மீட்டரைத் தேடும். மீட்டரிலிருந்து குழாய், குழாயிலிருந்து வால்வு, வால்விலிருந்து முறைப் பட்டியல், அப்புறம் பட்டியலில் செய்த திருத்தங்கள் என்று லட்சக்கணக்கான பதிவுகளைப் புரட்டிவிட்டு நாற்பத்தொரு விநாடியில் பதிலோடு வரும். அடுத்து கேட்பவர் அதே தெரு, அதே கட்டடம் என்றாலும் மறுபடி முதலிலிருந்து. காத்திருக்கும்போது ஒரு இசை போடுவார்கள். தொட்டிலில் கிடந்த குழந்தைகளுக்கும் அது மனப்பாடம்.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் வால்வு திருப்பும் அபு காலிபுக்கே நேராகப் போன் போட்டார்கள். அவருக்குக் குன்று முழுவதின் முறையும் தலைக்குள் இருந்தது. முதலில் கொஞ்சம் திட்டுவார், பிறகு சொல்வார். இரண்டும் சேர்ந்து மூன்று விநாடி.

ஹதீல் அந்த அலுவலகத்தின் ஒப்பந்தப் புரோகிராமர். அவள் செய்ததும் அபு காலிப் செய்ததைத்தான். ஒருமுறை தேடிக் கண்டுபிடித்த பதிலைக் கம்ப்யூட்டரின் நினைவிலேயே வைத்துக்கொண்டு, அடுத்து கேட்பவருக்கு அதையே எடுத்துக் கொடுத்தாள். நாற்பத்தொரு விநாடி, விநாடியில் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. பதில் பழசாகிவிடக் கூடாதே என்று, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதை எறிந்துவிட்டுப் புதிதாகத் தேடும்படியும் வைத்தாள்.

இயக்குநர் டாக்டர் இன்ஜினியர் ஹிக்மத்துக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அவருடைய விசிட்டிங் கார்டில் பட்டங்கள் உட்கார்ந்தது போக மிச்ச இடத்தில் பெயர் நின்றுகொண்டிருக்கும். சுவரில் பெரிய திரை மாட்டி, அதில் ‘0.2’ என்று ஒரு முழ உயரத்துக்கு எண் ஒளிர ஏற்பாடு செய்தார். புதன்கிழமை அமைச்சர் வந்து தொடங்கிவைப்பதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. கம்ப்யூட்டர் பழைய பதிலை அப்போதுதான் எறிந்திருந்த நேரம் பார்த்து அவர் முதல் கேள்வியைத் தட்டினார். திரையில் ‘41’ எழுந்தது.

“என்னம்மா இது?” என்றார்.

முதலில் கேட்கிறவர் மட்டும் காத்திருக்கத்தான் வேண்டும் என்று ஹதீல் விளக்கினாள்.

“தண்ணி எத்தனை நாளைக்கு ஒருதரம் வருது?”

“வாரத்துக்கு ஒருதரம் டாக்டர்.”

“அப்ப பதிலையும் ஒரு வாரம் வச்சிரு. அஞ்சு நிமிஷத்துல தூக்கிப் போடறதுக்கு அது என்ன டிஷ்யூ பேப்பரா?”

அவர் சொல்லி முடிக்கும் முன்பே துணை இயக்குநர்கள் சிரித்துவிட்டார்கள். குழாய் வெடித்தால் முறை மாறுமே என்றாள் ஹதீல். குழாய் தன் துறை இல்லை என்றார் அவர். அவளுடைய ஒப்பந்தப் புதுப்பிப்புத் தாள் அவர் மேசைமேல், கண்ணாடிக் குண்டுக்கு அடியில் கிடந்தது. ஹதீல் ஒரு வாரம் என்று மாற்றினாள்.

அன்று மாலை, அதே குன்றில் தான் குடியிருந்த கட்டடத்தின் கீழ்வீட்டு உம்மு தைமிடம் அவளே போய்ப் பெருமையாகச் சொன்னாள்: இனி அபு காலிபிடம் வசவு வாங்க வேண்டாம், எங்கள் எண்ணைக் கேள். உம்மு தைமுக்கு நான்கு மாத இரட்டைக் குழந்தைகள், கணவன் துபாயில். அவள் கேட்டாள். வியாழக்கிழமை என்று உடனே பதில் வந்தது.

திங்கள்கிழமை பள்ளத்தில் பெரிய குழாய் வெடித்தது. அபு காலிப் குன்றின் முறையைச் செவ்வாய்க்கு மாற்றி, ஒழுங்காகப் பதிவும் செய்தார். பதிவேடு திருந்திவிட்டது. ஆனால் நினைவில் இருந்த பதிலுக்கு ஒரு வார ஆயுள் கொடுத்தாயிற்றே; அது கேட்டவர்களுக்கெல்லாம் வியாழன், வியாழன் என்று மின்னல் வேகத்தில் சொல்லிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் வந்தபோது உம்மு தைம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தாள். ஹதீலின் தொட்டி நிரம்பியது. அவள் மாமியாருக்கு மருமகளின் அலுவலகத்தில் நம்பிக்கை கிடையாது. அபு காலிபைத்தான் கேட்டிருந்தாள்.

மாலையில் மாடிப்படியில் உம்மு தைம் இரண்டு தண்ணீர் பாட்டில்களோடு ஏறிவந்தாள்.

“உன் நம்பர் வேகமாத்தான் சொல்லுது ஹதீல்,” என்றாள். “நான் கேட்டுக்கூட முடிக்கல, வியாழக்கிழமைன்னுட்டாங்க.”

அவள் குத்திக்காட்டவில்லை. அதுதான் ஹதீலுக்குச் சுருக்கென்றது. மொட்டை மாடிக்குப் போய்த் தன் தொட்டியிலிருந்து அவள் தொட்டிக்கு ரப்பர் குழாய் இழுத்து, இரண்டிலும் பாதிப் பாதி ஆகும்வரை நின்றாள். மாமியார் இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு, “ஒருவழியா ஆபீஸ் தண்ணி கொடுத்துருச்சு,” என்றாள்.

புதன்கிழமை ஏழு மணிக்கே ஹதீல் அலுவலகத்தில் இருந்தாள். வால்வைத் திருப்பினாலும் முறையை மாற்றினாலும் வால்வுக்காரர்கள் கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி அனுப்புவது வழக்கம். அந்தச் செய்தி வந்த நொடியே அந்த வால்வின் பழைய பதிலை எறிந்துவிடும்படி எழுதினாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. எறிந்த இடத்தில் புதிய பதிலைத் தானாகவே நிரப்பி வைக்கும் பகுதியும் எழுத வேண்டும். அதற்குள் வாசலில் கார்க் கதவுகள் சாத்தப்படும் சத்தம் கேட்டது.

பாராட்டுரைகள் முடிந்ததும், “மஆலீ, மாண்புமிகு அமைச்சரே, உங்க தெருவையே கேட்டுப் பாருங்க,” என்று டாக்டர் ஹிக்மத் குனிந்தார். அமைச்சர் சொன்னார். தட்டினார்கள். திரை எண்ணத் தொடங்கியது. ஐந்து. பன்னிரண்டு. டாக்டர் ஹிக்மத் வேகத்தைப் பற்றிப் பேசினார். இருபது. ஜோர்டான் வரலாற்றில் வேகத்தைப் பற்றிப் பேசினார். முப்பதில் அவருக்கு வரலாறு தீர்ந்துபோனது. ஹதீல் கண்ணாடிக் குண்டை நினைத்துக்கொண்டாள்.

நாற்பத்தொன்றில் பதில் வந்தது: ‘முறை மாற்றம். இன்று 10.52-க்கு வால்வு திறக்கப்பட்டது. தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது.’

அமைச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து ஐம்பத்தைந்து. போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார்.

“மோட்டாரைப் போடு… தண்ணி விட்டாச்சு. ஆமா, நிஜமாத்தான். முதல்ல குழாயைத் திறந்து பாரேன்… வருதா? சரி, பக்கெட்டையும் பிடி.”

திரும்பி வந்தவர், அந்த ஒரு முழ எண்ணை ஏறெடுத்தும் பார்க்காமல் எல்லாருக்கும் கைகொடுத்தார். அதற்குள் பாதிச் சபை தத்தம் தெருவை விசாரிக்க வரிசையில் நின்றுவிட்டது.

எல்லாரும் போனபின் டாக்டர் ஹிக்மத் ஹதீலைக் கூப்பிட்டார். அவள் செய்ததைச் சொன்னாள்; சொல்லாமல் செய்ததையும் சொன்னாள். பக்கத்தில் நின்றபோதுதான் அவள் கவனித்தாள்: கோட்டுக்கு உள்ளே ஞாயிற்றுக்கிழமை போட்டிருந்த அதே சட்டை, காலரில் அழுக்கு வரி.

“எங்க தெருவும் உங்க குன்றுலதான்,” என்றார் மெல்ல. “வீட்டுக்காரி அபு காலிபைக் கேக்கறேன்னா. எதுக்கு, நம்ம நம்பரைக் கேளுன்னு நான்தான் சொன்னேன். இப்ப வீட்ல நான் வாயைத் திறக்க முடியல.”

கண்ணாடிக் குண்டை நகர்த்திக் கையெழுத்துப் போட்டார். “அந்த நாப்பத்தொண்ணை மட்டும் ஏதாவது பண்ணு,” என்றார்.

அன்று பிற்பகலே பண்ணினாள். எறிந்த கையோடு புதிய பதில் வந்து உட்கார்ந்துகொண்டது. யாரும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வாரம் உம்மு தைம் அந்த எண்ணைக் கேட்டாள். புதன்கிழமை பத்து மணி என்றது. பிறகு அபு காலிபையும் கேட்டாள். அவர் திட்டிவிட்டு அதையே சொன்னார். புதன்கிழமை பத்து அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, இரண்டு குழந்தைகளையும் இரண்டு தோளில் போட்டுக்கொண்டு மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

பத்தே காலுக்குக் குழாய் இருமியது. பிறகு தண்ணீர் ஏறத் தொடங்கியது.