வெர்தலேயின் கடைசி கேசட்

நான் போட்ட கூச்சல் தெருமுனைப் புடவைக் கடை வரைக்கும் கேட்டதாம். கடைக்காரர் என் கணவர் சேதுராமனைப் பிடித்து, "வீட்ல ஏதாவது பிரச்சினையா சார்?" என்று விசாரித்திருக்கிறார். பிரச்சினைதான். ஆனால் எங்கள் வீட்டில் இல்லை, மேல்மாடியில், பிரெஞ்சுக் கிழவர் வெர்தலேயின் வீட்டில்.

"என்னடி சொல்ற? எந்த கேசட்டக் குடுத்து விட்ட?"

சிவமலர் கையில் ஈரத்துணியோடு நின்றாள். யாழ்ப்பாணத்துப் பெண். வெர்தலேக்குச் சமைத்துப் போடவும் வீட்டைப் பார்த்துக்கொள்ளவும் அவர் வேலை பார்த்த ஹோட்டல்காரர்கள் வைத்தவள்.

"அந்தச் சப்பாத்துப் பெட்டிக்குள்ள கிடந்ததுதான் அக்கா. சேர் வேண்டாமெண்டு போடுறதெல்லாம் அதுக்குள்ளதானே கிடக்கும்? அம்மாவுக்குக் கதைச்சு ஊருக்கு அனுப்பிவிட்டனான்."

பியானோ முன்னாலிருந்த ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு மனிதனின் கடைசிப் படைப்பு, உலகத்திலேயே ஒரே ஒரு பிரதி, யாழ்ப்பாணத்துக்கு விமானம் ஏறிவிட்டது.

லூசியன் வெர்தலே யாரென்று சொன்னால்தான் என் கூச்சல் நியாயம் என்று புரியும். ரொட்டிக்கடைக்காரரின் மகன். ஏழு வயதில் மாதாகோயில் ஆர்கனில் கை வைத்தவரைப் பாதிரியார் பாரிசுக்குப் படிக்க அனுப்பினார். இருபது வயதுகளிலேயே பெரிய பரிசு, ஐரோப்பா முழுக்கக் கச்சேரி, பாடகி மனைவி. பிறகு ஐந்து வருஷம் பாடுபட்டு, பெரிய வாத்தியக் குழுவுக்கென்று ஒன்றை எழுதினார். அரங்கேற்றத்தன்று இடைவேளையிலேயே பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது. அதற்குப் பின் குடி, மனைவி விலகல், ஆள் இருக்கும் இடமே தெரியாத வருஷங்கள். எங்கேயோ அச்சான ஓர் இசை அகராதி அவருக்கு இறந்த ஆண்டுகூடப் போட்டுவிட்டது. அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டி, "செத்தவனுக்குச் சம்பளம் கொடுக்கிற ஒரே நாடு பஹ்ரைன்தான்" என்று சிரிப்பார். தலைநகர் மனாமாவில் ஒரு ஹோட்டலில் சாப்பிடுகிறவர்களுக்கு நடுவே தினமும் வாசிப்பார். யாராவது முள்கரண்டியால் கிளாசைத் தட்டிப் பிறந்தநாள் பாட்டு கேட்டால், அதையும் வாசிப்பார்.

மனாமாவின் குதைபியாப் பகுதியில் அவர் வீட்டுக்கு நேர் கீழே எங்கள் வீடு. மதராஸில் கான்வென்டில் பியானோ கற்று எல்லாப் பரீட்சையும் பாஸ் செய்தவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு கட்டையைக்கூடத் தொட்டதில்லை. மேலே சத்தம் கேட்டதும் மானம் ரோஷம் பார்க்காமல் போய்க் கதவைத் தட்டினேன். அவருக்குக் கண்ணில் புரை. எழுத முடியாது. அதனால் வாசித்து டேப்பில் பிடித்து வைப்பார். நான் அதைக் கேட்டுக் கேட்டு ஐந்து கோட்டுத் தாளில் இசைக்குறிப்பாக எழுதித் தருவேன். சரியில்லாததை எல்லாம் அந்தச் செருப்புப் பெட்டியில் போட்டு, "சிவமலர், உன் அம்மாவுக்கு!" என்பார்.

ஏனென்றால் அந்த நாளில் எங்களுக்கெல்லாம் கேசட்தான் கடிதம். இங்கிருந்து பேசிப் பதிந்து, லீவில் ஊருக்குப் போகிறவர் கையில் கொடுப்போம். அங்கே வீடே சுற்றி உட்கார்ந்து கேட்டு, அழுது முடித்து, அதே கேசட்டில் அழித்துவிட்டுப் பதில் பேசி அனுப்புவார்கள். அழிக்கக்கூடாது என்று முதுகிலிருக்கும் பிளாஸ்டிக்கை உடைத்து வைத்தாலும் அந்த ஓட்டையில் செலோடேப் ஒட்டிவிடுவோம். எங்கள் கண்ணுக்கு கேசட் என்றால் சிலேட்டுதான்.

அந்த வருஷம், எண்பத்து மூன்றில், பாரிஸ் வானொலியில் யாருக்கோ கிழவர் உயிரோடிருப்பது தெரிந்துவிட்டது. புதிதாக ஒன்று எழுதித் தாருங்கள், டிசம்பரில் வாசிக்க வைக்கிறோம் என்று கேட்டார்கள். கிழவர் அன்றே குடியை விட்டார். தினமும் சவரம் செய்துகொண்டார். மூன்று பகுதிகள். முதல் இரண்டையும் நான் எழுதி முடித்துவிட்டேன். ஆகஸ்டில் ஒரு மத்தியானம் என்னை மேலே கூப்பிட்டார். இரண்டாம் பகுதி இருந்த கேசட்டின் பின்பக்கத்தில் மூன்றாம் பகுதியையும் பிடித்திருந்தார். "இப்போது கேள்" என்றவர் பேச்சு குழறி, பியானோ மேலிருந்த சாமானையெல்லாம் இழுத்துக்கொண்டு சரிந்தார்.

பக்கவாதம். உயிர் தப்பியது. வலது கை போயிற்று. அதோடு மூன்றாம் பகுதியும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இடது கையால் தேடிப் பார்த்தார். தொடக்கம்கூட நினைவுக்கு வரவில்லை. தரையில் சிதறியதையெல்லாம் சிவமலர் பொறுக்கிப் பெட்டியில் போட்டிருக்கிறாள். இராஜரத்தினம் என்று அவள் ஊர்க்காரர், ஒரு கம்பெனியில் கிளார்க், லீவில் புறப்பட்டபோது கைக்கு வந்ததை எடுத்து, முன்பக்கத்தில் பேசிக் கொடுத்துவிட்டாள்.

"ஒரு வார்த்தை என்னக் கேட்டிருக்கக்கூடாதா? கண்ணு எங்கடி போச்சு?" என்று நான் பொரிந்தேன்.

அதுவரை தலை குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். "ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வீட்டில இருந்து ஒரு சொல்லும் இல்லை அக்கா. சிவகுரு அண்ணா கொழும்பிலதான் கடையில வேலை. உயிரோட இருக்கிறாரோ எண்டும் தெரியாது. அதுக்குள்ள நான் கேசட்டைத் திருப்பித் திருப்பியோ பாக்கிறது?"

கிழவர் விஷயத்தை ஆங்கிலத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டார். கோணிய வாயால் ஒரே கேள்விதான் கேட்டார்: "எந்தப் பக்கத்தில் பேசினாள்?"

"முன்பக்கம்."

"அப்படியானால் என் மூன்றாம் பகுதி இன்னும் உயிரோடு இருக்கிறது."

எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. நம் ஜனங்களைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? அம்மா பேசி, அத்தை பேசி, பக்கத்து வீட்டு மாமி பேசினால் ஒரு பக்கம் போதுமா? பின்பக்கத்தையும் அழித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். போனில் தடுக்கலாமென்றால் லைன் இல்லை. மாஃபி, மாஃபி, இல்லை இல்லை என்றே எக்ஸ்சேஞ்சில் பதில். கிழவர் தினமும் காலையில் என்னிடம் கேட்பார், "இராஜரத்தினம் வந்துவிட்டாரா?" என்று. செப்டம்பர் முழுக்க அதே கேள்விதான்.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை இராஜரத்தினம் வந்தார். கேசட்டை என் கையில் கொடுத்தார், சிவமலர் கையில் கொடுக்கவில்லை. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று அவள் சொன்னதற்கு, "டியூட்டிக்கு நேரமாச்சுது பிள்ளை" என்று அவள் முகத்தைப் பார்க்காமலே படியிறங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை இங்கே லீவாயிற்றே, என்ன டியூட்டி என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

கிழவர் பின்பக்கத்தைப் போடச் சொல்லித் துடித்தார். "முதல்ல அவ அம்மா குரல்" என்றேன் நான். அவ்வளவு நியாயம்கூட இல்லாவிட்டால் எப்படி?

அம்மாவின் குரல் கணீரென்று வந்தது. "பிள்ளை, நாங்கள் எல்லாரும் நல்ல சுகம். நீ ஒண்டுக்கும் யோசிக்காதை. அண்ணா கொழும்பில இருந்து கப்பலில பத்திரமா வந்து சேந்திட்டான். அலைச்சலில கொஞ்சம் மெலிஞ்சு போனான், அவ்வளவுதான். இப்ப வேலை தேடி வெளியில போயிட்டான், இல்லாட்டி அவனும் கதைச்சிருப்பான்." பிறகு அத்தை, பிறகு மாமா. எல்லாரும் நல்ல சுகம். கேசட் பக்கம் முடிந்து நின்றதும் சிவமலர் சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கேசரி கிண்டுகிறேன் என்று அடுக்களைக்கு ஓடினாள்.

கேசட்டைத் திருப்பினேன். என் விரல் பட்டனை அழுத்த மறுத்தது. கிழவரே இடது கையை நீட்டி அழுத்தினார்.

பியானோ!

கத்திவிட்டேன். கிழவர் கண்ணை மூடிக்கொண்டார், மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அழிக்கவில்லை! யாரும் தொடவில்லை! பென்சிலை எடுத்து எழுத ஆரம்பித்தேன். இடது கையில் கனமான ஸ்வரங்கள் மெதுவாக நடக்க, வலது கை அதைக் கண்டுகொள்ளாமல் தன் போக்கில் விளையாடியது. போகப் போக இரண்டும் ஒன்றையொன்று நெருங்கின. எனக்குத் தெரியும், இது நல்ல சங்கீதம். இவரை இடைவேளையில் விட்டுப் போனவர்கள் எல்லாரும் இதைக் கேட்க வேண்டும் என்று ஆத்திரமாக வந்தது. சிவமலர்கூட அகப்பையோடு வாசலில் வந்து நின்று கேட்டாள். இரண்டு கைகளும் சேரப்போகும் இடம் வந்தது. கிழவர் தன் இடது கையைக் காற்றில் உயர்த்தினார்.

டக்.

"அக்கா, நான் வள்ளி கதைக்கிறன்." கிசுகிசுத்த குரல். "அம்மா கிணத்தடிக்குப் போயிட்டா. இந்தப் பக்கத்தில ஆரோ பியானோ வாசிக்கினம். அம்மா கொஞ்சம் கேட்டிட்டு நிப்பாட்டிப் போட்டா, இனிப் போடமாட்டா. அதாலதான் கடைசியில சொல்லுறன். அம்மா பொய் சொல்லுறா அக்கா. அண்ணா கப்பலில வரேல்லை. கடையோட வச்சுக் கொளுத்திப் போட்டாங்கள். கூட வேலை செய்த ஒராள்தான் கப்பலில வந்து சொன்னவர். செத்தவீடும் முடிஞ்சுது. நீ அங்க தனிய இருக்கிறாய், தாங்கமாட்டாய் எண்டு அம்மா எல்லாரிட்டையும் சத்தியம் வாங்கிப்போட்டா. இராஜரத்தினம் அண்ணரிட்டயும்தான். எனக்கு ஏலாது அக்கா. நான் சொன்னதெண்டு அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை..."

டேப் தீர்ந்து பட்டன் தானாக எகிறியது.

என் பென்சில் தாள் மேலேயே நின்றது. கிழவர் மேஜையில் ஓங்கிக் குத்தினார். "யார் அது? என் முடிவு எங்கே? இன்னும் நாலு வரிதான் இருந்திருக்கும்! யார் அந்தப் பெண்?"

"வாய மூடுய்யா! அவ அண்ணன் செத்துட்டான்!"

தமிழிலேயே கத்தினேன். பிறகுதான் ஆங்கிலத்தில் சொன்னேன். கிழவரின் கை மேஜையில் விரிந்தபடி கிடந்தது. சிவமலர் அழவில்லை. அகப்பையைப் பிடித்தபடி டேப்ரிக்கார்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஏதோ மிச்சம் வரும் என்பதுபோல. அடுக்களையிலிருந்து கேசரி தீயும் வாசனை வந்தது. நான் எழவில்லை, என்னால் முடியவில்லை. கிழவர்தான் காலை இழுத்து இழுத்துப் போய் காஸை அணைத்தார்.

அடுத்த வாரம் வேறொருவர் ஊருக்குப் புறப்பட்டார். சிவமலர் கடையில் புதுக் கேசட் வாங்கி வந்து, கிழவரின் டேப்ரிக்கார்டரைக் கேட்டாள். அழுது தீர்க்கப்போகிறாள் என்று நினைத்து நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினாள். "அம்மா, உங்கட கேசட் கிடைச்சுது. அண்ணா கப்பலில வந்து சேந்ததைக் கேட்டுத்தான் எனக்கு உயிர் வந்தது. மெலிஞ்சு போனாரெண்டீங்கள், நல்லாச் சாப்பாடு குடுங்கோ. அடுத்த முறை அவரையும் ஒருக்காக் கதைக்கச் சொல்லுங்கோ."

அவள் பட்டனை நிறுத்தியதும், "ஏண்டி இப்படி?" என்றேன்.

"எனக்காகத்தானே அக்கா அவ பொய் சொல்லுறா. எனக்குத் தெரிஞ்சு போச்செண்டா முதலில இருந்து அழுவா. வள்ளிக்கும் ஏச்சு விழும்."

கிழவர் என் தோளைத் தொட்டு, அவள் என்ன பேசினாள் என்று கேட்டார். ஒரு வரி விடாமல் சொன்னேன்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டு, குரல் வந்து வெட்டிய இடத்தோடு நிறுத்தி, முடிவுக்குப் போடும் இரட்டைக் கோட்டைப் போடச் சொன்னார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இது பாதி வாக்கியம், பரீட்சைப் பிள்ளைகள்கூட இப்படி நிறுத்த மாட்டார்கள், நாலே வரி, இடது கையால் தேடிப் பாருங்கள் என்று சண்டை போட்டேன்.

"தேடினேன். நேற்று நாலு வரி வந்தது. அழகான வரிகள்" என்றார். "கிழித்துவிட்டேன். அந்த இடத்தில் இனி நான் பேச முடியாது."

கோட்டைப் போட்டேன். கோணலாக விழுந்தது. அப்படியே பாரிசுக்கு அனுப்பினோம்.

நவம்பரில் போன் வந்தது. அதை வாசிக்கப்போகும் பெண். கிழவரின் குழறல் போனில் புரியாது என்பதால் நான்தான் நடுவில் நின்று ஆங்கிலத்தில் பேசினேன். தபாலில் கடைசிப் பக்கம் தொலைந்துவிட்டதா என்று கேட்டாள். கிழவரிடம் சொன்னேன்.

"எதுவும் தொலையவில்லை. அந்த இடத்தில் கையை எடுத்துவிடச் சொல்."

சொன்னேன். அந்தப் பெண் தயங்கினாள். "ஆனால் அங்கே நிறுத்தினால், முடிந்துவிட்டது என்று கேட்கிறவர்களுக்குத் தெரியாதே?"

அதையும் அவரிடம் சொன்னேன். அடுக்களையில் சிவமலர் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கிழவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

"எங்களுக்கும் தெரியவில்லை என்று சொல்."