குத்தலுக்கு ஓர் ஆமென்

அபிராமபுரத்து மாடிப் போர்ஷனில் தினமும் மாலை ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், பிறகு எல்லோரும் பாயில் முழங்கால் போட்டுக் கண்ணை மூடிக்கொள்ள, ஜீவரத்தினம் வாய்விட்டு ஜெபிப்பாள். புருஷன் பொன்னையா ஜெபிக்க மாட்டார், அவருக்குக் கூச்சம். அந்தக் கூச்சம் அவளுக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பொன்னையாவின் தங்கை கிருபாவதி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். முப்பது வயதாகியும் கல்யாணம் கூடிவரவில்லை. அண்ணன் வீட்டோடு இருந்தாள். மதினியும் நாத்தனாரும் நேருக்கு நேர் முகம் கோணி ஒரு வார்த்தை பேசியது கிடையாது. அதெல்லாம் ஏழு மணிக்குத்தான்.

“கர்த்தாவே, ட்யூட்டி முடிந்ததும் பாண்டி பஜாரைச் சுற்றப் போகிற கால்களை வீட்டுக்குத் திருப்பியருளும். குளித்த ஈரத் துணியைக் கொடியில் போடுகிற நல்ல பழக்கத்தைச் சிலருக்குள்ளே உண்டாக்கும்.”

ஜெபத்துக்கு யாரால் எதிர்ப்பேச்சு பேச முடியும்? ஆமென் ஒன்றுதான் சொல்லலாம். கிருபாவதியும் பல்லைக் கடித்துக்கொண்டு அதைச் சொல்லுவாள். இப்படியே ஒரு வருஷம் ஓடியது. நல்ல கூத்துதான், போங்கள். ஜீவரத்தினமோ தன்னைப் பெரிய ஜெபவீராங்கனை என்று நெஞ்சார நம்பிக்கொண்டிருந்தாள். சபையின் பெண்கள் ஐக்கியத்தில்கூட அவளைத்தான் ஜெபிக்கச் சொல்வார்கள்.

எழுபத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி மழையில், பத்து வயது மகள் ஷீலாவுக்குக் காய்ச்சல் கண்டது. நாலு நாளாகியும் இறங்கவில்லை. மந்தைவெளி டாக்டர் ஷரீஃப் வந்து நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். “இன்னிக்கு சாயங்காலம் திரும்ப வந்து பாக்கறேம்மா. இறங்கலைன்னா டைபாய்டுன்னுதான் வச்சுக்கணும். ஆஸ்பத்திரில சேத்துடலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். ஜீவரத்தினம் தலைச்சன் பிள்ளையை அதே காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். அந்தப் பெயரைக் கேட்டதும் ஓடிப்போய்க் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மத்தியானம். பொன்னையா லீவு சொல்ல ஆபீசுக்குப் போயிருந்தார். அவள் கட்டிலோரம் முழங்கால் போட்டாள்.

“கர்த்தாவே, உம்முடைய பிள்ளையாகிய ஷீலாவைக் கண்ணோக்கும். மழைநாளில் அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தது யாரென்று நீர் அறிவீர்...”

சட்டென்று நிறுத்தினாள். தூங்குகிற குழந்தையைத் தவிர அறையில் யாருமில்லை. சமையலறையில் கிருபாவதி கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். அந்த ஐஸ்கிரீம் சமாசாரம் அங்கே எட்ட வேண்டுமென்று தன் குரல் தானாகவே உயர்ந்திருந்தது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சீ, இது என்ன ஜென்மம்! குழந்தை அனலாய்க் கொதிக்கிறது, நான் ஆண்டவரிடம் கோள் மூட்டிக்கொண்டிருக்கிறேனே.

மறுபடி மெதுவாகத் தொடங்கினாள். கர்த்தாவே என்றதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. கூப்பிய கை கூப்பியபடி இருந்தது. கேட்பதற்கு அந்தப் பக்கம் ஒருவர் இருக்கிறார் என்றே தோன்றவில்லை. காய்ச்சலைவிட இதற்குத்தான் அவள் அதிகம் பயந்தாள்.

எழுந்து சமையலறைக்குப் போனாள். கிருபாவதியின் கண் வீங்கியிருந்தது.

“கேட்டுதா?”

“கேட்டுது மதினி. நான்தான் வாங்கிக் குடுத்தேன், இல்லேங்கலை. அதையே நெனச்சு நாலு நாளா எனக்கும் தூக்கமில்லை.”

“ஐஸ்கிரீமால வரலைன்னு டாக்டரே சொல்லிட்டார் கிருபா. தெரிஞ்சுதான் சொன்னேன்.” ஜீவரத்தினம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். “ஒரு வருஷமா உன்கிட்டதான் ஜெபம் பண்ணியிருக்கேன். ஆண்டவர்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. இப்ப பிள்ளைக்காகக் கேக்கப் போனா வாய் வரமாட்டேங்குது. என்னை மன்னிச்சுட்டு நீ வந்து ஜெபம் பண்ணு.”

கிருபாவதி அடுப்பை அணைத்தாள். “எனக்கு ஆமென் மட்டும்தானே மதினி பழக்கம்” என்றாள்.

ஜீவரத்தினத்துக்கு அழுகையோடு சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. கிருபாவதியும் சிரித்துவிட்டாள். “விடுங்க, வாங்க” என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

இருவரும் கட்டிலோரம் முழங்கால் போட்டார்கள். கிருபாவதி வாய் திறப்பதற்குள் ஜீவரத்தினத்துக்கே பேச்சு வந்துவிட்டது.

“ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு. இவளையாவது எனக்குக் குடுத்துடும்.”

அவ்வளவுதான். நெஞ்சில் ஒரு வருஷமாக அடைத்திருந்தது இறங்கிப் போய், அவளால் நன்றாக மூச்சுவிட முடிந்தது.

சாயங்காலமும் காய்ச்சல் இறங்காமல் தெர்மாமீட்டர் நூற்றிரண்டு காட்டியது. “கெளம்புங்கம்மா” என்றார் டாக்டர். ஷீலா மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து நல்லபடியாக வீடு திரும்பினாள். அதை இங்கேயே சொல்லிவிடலாம், நீங்கள் ஏன் பாவம் தவிக்க வேண்டும். அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. டாக்ஸியில் தலையை மதினியும் காலை நாத்தனாருமாகக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு போனார்கள். ஜீவரத்தினம் வழி நெடுக, உதடு அசையாமல், ஆண்டவரிடம் பேசிக்கொண்டே போனாள். அவர் கேட்டுக்கொண்டே வந்தார்.