மூன்று நிமிடத்துக்கு மிகாமல்

லிஃப்ட் பட்டனை மூன்று தடவை அழுத்துகிறவர்களில் நானும் ஒருத்தி. எத்தனை தடவை அழுத்தினாலும் அது தன் வேகத்தில்தான் வரும் என்று என் தம்பி பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் லிஃப்ட் மெக்கானிக், அவனுக்குத் தெரியாதா? எனக்கும் தெரியும். ஆனால் விரல் கேட்காது. ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். "அடுத்தவங்க வாங்க" என்று நாள் முழுக்கக் கூப்பிடுவதுதான் வேலை. உள்ளே இருப்பவர் வாயை மூடி எழுந்திருக்கும் முன்பே அடுத்தவரைக் கூப்பிட்டு, டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

தம்பி எனக்கு வைத்திருக்கும் பெயர் முந்திரிக்கொட்டை.

அந்த முந்திரிக்கொட்டையிடம்தான் அவன் தன் பிழைப்பை ஒப்படைத்திருந்தான். இடது முழங்கால் தேய்ந்துபோய்விட்டது, இனி ஏணி ஏறக் கூடாது என்று எலும்பு டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஏணி ஏறாத மெக்கானிக்கைக் கம்பெனி வைத்துக்கொண்டு என்ன செய்யும்? ஒரே ஒரு வழி இருந்தது. புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர் இடம் ஒன்று காலியாக இருந்தது. விண்ணப்பிக்கிறவர்கள் தங்கள் வேலையில் ஏதாவது ஒன்றை விளக்கி, மூன்று நிமிடத்துக்கு மிகாமல் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள். தேர்வானால் வேலை தொடரும், இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு சரி.

தம்பிக்குப் பேச்சு திக்கும்.

இங்கே சுலபமாக எழுதிவிட்டேன். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் வாயால் எடுத்ததில்லை. "அவன் கொஞ்சம் நிதானமாப் பேசுவான்" என்பாள் அம்மா, அதை ஒரு நல்ல குணம்போல. அம்மா போன பிறகும் அதே சட்டம்தான். அவன் பாதியில் நின்றால் மீதியை நான் எடுத்துக் கொடுப்பேன். பஸ்ஸில், கடையில், ஆஸ்பத்திரியில், எங்கேயும். கூடப் பிறந்தவள் பின்னே எதற்கு இருக்கிறேன்?

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு முன்னறையில் பதிவு செய்தோம். பழுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, 'லிஃப்ட் நடுவில் நின்றால் உள்ளே மாட்டிக்கொண்டவர்களை எப்படி வெளியே கொண்டுவருவது' என்று பேசினான். செல்போனை நான் பிடித்திருந்தேன். ஆறு நிமிடம் நாற்பது வினாடி ஓடியது.

"இ... இத மூணு நிமிஷமாக்கணுமே. ஸ்டூடியோல குடுக்கலாமா?" என்றான்.

"எதுக்கு? நான் கத்துக்கறேன்" என்றேன். வாய் முந்திக்கொண்டது. அதுவரை நான் ஒரு போட்டோவைக்கூட நேராக வெட்டியதில்லை.

கம்ப்யூட்டரில் ஒரு இலவச எடிட்டிங் மென்பொருளை இறக்கினேன். அதைச் சொல்லிக்கொடுக்கும் வீடியோக்களையும் தேடிப் பிடித்தேன். எனக்கு வாய்த்த வாத்தியாருக்கு இருபது வயதுகூட இருக்காது. மூச்சு விடாமல் பேசினான். எனக்குப் பிடித்துவிட்டது. வீடியோவை உள்ளே கொண்டுவந்தால் கீழே நீளமாக ஒரு பட்டையாக விழும், அதற்கு டைம்லைன் என்று பெயர். மேல் வரிசையில் படம், கீழ் வரிசையில் சத்தம். பேசும் இடத்தில் சத்தத்தின் கோடு மேடாக எழும்பும், பேசாத இடத்தில் தரைபோல் படுத்துவிடும். வேண்டாத இடத்தின் இரண்டு முனையிலும் வெட்டு, நடுவில் இருப்பதைத் தூக்கு, இடைவெளியை மூடு. அவ்வளவுதான் எடிட்டிங் என்றான் வாத்தியார். "மூணு செகண்ட் சும்மா இருந்தீங்கன்னா பாக்கறவன் ஓடிடுவான். சைலன்ஸ தேடித் தேடி வெட்டுங்க!"

எனக்கென்றே சொன்ன மாதிரி இருந்தது.

முதல் நாள் படத்தையும் சத்தத்தையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டேன், எப்படி என்று இன்றுவரை தெரியாது. வாய் ஒரு பக்கம் அசைய, பேச்சு இன்னொரு பக்கம் வந்தது. இரண்டாம் நாள் அது சரியானது. ஆனால் வெட்டிய இடத்திலெல்லாம் தம்பியின் தலை வெடுக் வெடுக்கென்று தாவியது. அப்படித் தாவுகிற இடத்தில் வேறு படத்தைப் போட்டு மறைத்துவிடலாம் என்றான் வாத்தியார். கிளினிக் இருக்கும் கட்டடத்தின் லிஃப்ட்டை நாலு கோணத்தில் எடுத்துவந்து மேலே ஒட்டினேன். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி சமையலறைக்கும் கம்ப்யூட்டருக்கும் ஓடி ஓடி வெட்டினேன். அவன் நின்ற இடம், திரும்பத் திரும்ப முட்டிய எழுத்து, இழுத்த மூச்சு எல்லாவற்றையும் எடுத்தேன். நடுவில் ஓர் இடத்தில் என் குரலே விழுந்திருந்தது. என் குரல் எதற்கு இதில் என்று அதையும் தூக்கிப் போட்டேன்.

அறுபத்து மூன்று வெட்டு. இரண்டு நிமிடம் நாற்பத்தெட்டு வினாடி. தம்பி செய்தி வாசிப்பவர்போல் மடமடவென்று பேசினான். முதல் தடவை முழுதாகப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டேன். இரண்டரை மணிக்குத் தம்பி காலை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். போட்டுக் காட்டினேன். அவன் பார்க்க, நான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

"எப்படி? சூப்பரா இல்ல?" என்றேன்.

"ந... நல்லா இருக்கு. யாருக்கா இவன்?"

"என்னடா கேள்வி? நீதான்."

"இத அனுப்பினா கண்டிப்பா கூப்பிடுவாங்க. கூப்பிட்டா நா... நான்தானே போகணும்? இவன் வரமாட்டானே."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அஞ்சு நாளா கண்ணு பூத்துப் போக வெட்டியிருக்கேன். இன்னும் ரெண்டரை மணி நேரம்தான் இருக்கு. மொதல்ல உள்ள போ, அப்பறம் பாத்துக்கலாம். இப்ப போய் நியாயம் பேசாத!"

அவன் கோபப்படவில்லை. அவன் கோபப்படாதது எனக்கு எப்போதும் கோபத்தைக் கிளப்பும். திரையைக் காட்டி மெதுவாகச் சொன்னான். "மூணு நிமிஷந்தான் குடுத்திருக்காங்கன்னா, வி... விஷயத்த வெட்டுக்கா. என்னை வெட்டாத. ஆறு விஷயம் சொல்லியிருக்கேன். ரெண்டு போதும்."

வாத்தியார் இதைச் சொல்லித்தரவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நல்லவேளை, மூல வீடியோவை அழிக்காமல் வைத்திருந்தேன். முணுமுணுத்துக்கொண்டே புது டைம்லைன் ஒன்றைத் திறந்து ஆறு நிமிடம் நாற்பது வினாடியையும் மறுபடி போட்டேன். மணி மூன்று.

எதை வைப்பது, எதை விடுவது என்று பார்க்க முதலிலிருந்து கேட்டோம். முதல் முறையாக அவன் நிற்கும் இடங்களை நான் ஓடவிட்டுக் கேட்டேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. சத்தத்தின் கோடு தரைபோல் படுத்திருக்க வேண்டிய இடங்களில் பொடிப் பொடியாக முள் முளைத்திருந்தது. ஒரே இடைவெளியில், ஒரே உயரத்தில். அவன் பேசும்போது இல்லை, நிற்கும்போது மட்டும்.

"சுவர்க் கடிகாரமா?" என்றேன்.

அவன் கம்ப்யூட்டரின் சத்தத்தைக் கூட்டினான். டிக். டிக். டிக் டிக்.

பேனா. பின்பக்கம் அழுத்தினால் முனை வெளியே வரும் பேனா. ஒரு கையில் செல்போனும் மறு கையில் பேனாவுமாக நான் நின்றிருந்தேன். அவன் நின்ற ஒவ்வொரு இடத்திலும் அழுத்தியிருக்கிறேன், லிஃப்ட் பட்டனை அழுத்துவதுபோல. அவன் கஷ்டப்பட்டு ஒரு சொல்லை மேலே இழுக்கும்போதெல்லாம் கீழே இந்தச் சத்தம். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"என்னாலதான் உனக்கு..." என்று ஆரம்பித்தேன். அந்தச் சொல் வாயில் வரவில்லை.

"நீ இல்லன்னாலும் திக்கும்" என்றான் தம்பி. "நீ இருந்தா கொஞ்சம் ஜா... ஜாஸ்தி."

சொல்லிவிட்டுச் சிரித்தான். எங்கள் வீட்டில் அந்தச் சொல் அன்றுதான் முதலில் கேட்டது. நான் சிரிக்கவில்லை.

வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. திரையில் அவன், "மாட்டிக்கிட்டவங்ககிட்ட மொதல்ல நான்..." என்று சொல்லி நின்றான். கழுத்து நரம்பு புடைத்தது. டிக் டிக் டிக். அப்புறம் என் குரல், "எமர்ஜென்சி பட்டனை அழுத்தச் சொல்லுவ." உடனே அவன் முகம் தளர்ந்தது. "ஆமா, பட்டன அழுத்தச் சொல்லுவேன்" என்று அந்த வழியிலேயே போய்விட்டான். செவ்வாய்க்கிழமை நான் தூக்கிப் போட்ட என் குரல் இதுதான்.

வீடியோவை நிறுத்தினேன். "நீ சொல்ல வந்தது பட்டனா?"

இல்லை என்று தலையாட்டினான்.

"அப்பறம் ஏன் ஆமான்னே?"

"சு... சுலபமா இருந்துச்சு."

இதைக் கேட்டதும் என் மனம் பின்னால் ஓட ஆரம்பித்தது. எத்தனை முறை எடுத்துக் கொடுத்திருக்கிறேன், எத்தனை முறை ஆமாம் என்றிருக்கிறான். அவன் போட்டிருந்த பழுப்புச் சட்டை திரையில் உறைந்து நின்றது. அதை வாங்கிய நாள் ஞாபகம் வந்தது. கடைக்காரர் எந்த நிறம் என்று கேட்டார், இவன் நின்றான், நான் பழுப்பு என்றேன்.

"இந்தச் சட்டை?" என்றேன்.

"பச்சை கேக்கலாம்னு இருந்தேன்."

"அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"சொல்லிட்டுத்தான்க்கா இருந்தேன்."

எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தேன். பேனா மேசையில் கிடந்தது, அதை எடுத்து டிராயரில் போட்டு மூடினேன். "சரி, நீ சொல்ல வந்தது என்னன்னு சொல்லு" என்றேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று என்னைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்.

மெல்ல மெல்லச் சொன்னான். கேட்டதும், "இத எடுக்கணும். இப்பவே" என்றேன். மணி மூன்றே முக்கால்.

செல்போனை நீட்டினால் அவன் வெள்ளைச் சட்டையில் இருக்கிறான்! பழுப்பு பேசிக்கொண்டே இருந்து, நடுவில் ஒரு வாக்கியம் மட்டும் வெள்ளையில் வந்தால் பார்க்கிறவர்கள் சிரிக்கமாட்டார்களா? பழுப்பு அவன் வீட்டில் வாஷிங் மெஷினுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஓடினேன். மெஷின் நிற்காமல் கதவு திறக்காது என்றது. அதன் எதிரில் நின்று முறைத்தேன். திறந்ததும் பிழிந்து எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். ஈரச் சட்டையை மாட்டிக்கொண்டு, "கு... குளிருதுக்கா" என்றான். "பேசு, சூடாகிடும்" என்றேன். அதே நாற்காலி, அதே சுவர். மணி நாலு பத்து.

செல்போனை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"மாட்டிக்கிட்டவங்ககிட்ட மொதல்ல நான்..." என்று ஆரம்பித்து, நின்றான்.

ஒன்று. இரண்டு. கழுத்து நரம்பு எழுந்தது. ஐந்து. அவன் என்ன சொல்லப்போகிறான் என்று இப்போது எனக்கு ஒவ்வொரு எழுத்தும் தெரியும். நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. ஏழு. கால் விரல்களைத் தரையில் ஊன்றிக்கொண்டேன். கட்டைவிரல் தானாகத் துடித்தது. ஒன்பது. சட்டையிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்த சத்தம் கேட்டது. பத்து. அவன் என் கண்ணைப் பார்த்தான், நான் எடுத்துக் கொடுப்பேனா என்று. கொடுக்கவில்லை. பதினான்கு.

"...எனக்குத் திக்கும், கொஞ்சம் பொறுத்துக்கங்கன்னு சொல்லுவேன். உள்ள இருக்கறவங்க, அழுதுட்டு இருந்தாக்கூட, நான் என்ன சொல்ல வரேன்னு கா... காது குடுக்க ஆரம்பிச்சிடுவாங்க. எனக்காகப் பொறுத்துக்குவாங்க. அப்படிப் பொறுத்துக்கறப்ப அவங்க பயம் கொறைஞ்சிடும். அதுக்கப்பறந்தான் நான் கதவுல கை வைப்பேன்."

அவ்வளவுதான். பதிவை நிறுத்தினேன்.

அந்த வாக்கியத்தை வைத்தோம். காற்று வந்துகொண்டே இருக்கும், மூச்சு முட்டாது, கதவை உள்ளேயிருந்து நெம்பாதீர்கள் என்று அவன் சொல்லும் பகுதியையும் வைத்தோம். மற்ற நாலு விஷயங்களும் போயின. நான் ஒட்டிய லிஃப்ட் படங்களும் போயின. அவன் நின்ற இடம் ஒன்றையும் தொடவில்லை. பேனாச் சத்தத்தை மட்டும் தேடித் தேடி அமுக்கினேன். இரண்டு நிமிடம் ஐம்பத்தொன்பது வினாடி.

நாலு நாற்பத்தாறுக்கு அனுப்பத் தொடங்கினேன். பன்னிரண்டு சதவீதம். முப்பது. ஐம்பத்தெட்டில் நின்றது. நின்றது என்றால் நின்றேவிட்டது. மறுபடி அழுத்தலாம் என்று கை போனது. தம்பி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"அமுக்காத. வ... வந்துட்டுத்தான் இருக்கு."

நாலு ஐம்பத்தேழுக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த புதன்கிழமை நான் அவன் வீட்டில் இருந்தபோது போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டான். ஒரு பெண் குரல், கம்பெனி அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, "வீடியோ அனுப்பினது நீங்கதானே?" என்று கேட்டது.

தம்பி வாயைத் திறந்தான். நின்றான்.

போனில் அவன் இப்படி நிற்கும்போது என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஹலோ ஹலோ என்பார்கள், லைன் சரியில்லை என்பார்கள், வைத்துவிடுவார்கள். அதற்குள் நான் போனைப் பிடுங்கிப் பேசிவிடுவேன். என் கை மேசை வரை வந்துவிட்டது. ஆனால் அந்தப் பக்கத்தில் ஹலோ இல்லை. வைக்கவும் இல்லை. மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. அங்கே யாரோ ஒருத்தி, நான் பார்த்தே இராதவள், பேசாமல் காத்துக்கொண்டிருந்தாள். அவள் அந்தப் பதினான்கு வினாடியைப் பார்த்திருக்கிறாள்.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"...ஆமா மேடம், நான்தான்" என்றான் தம்பி.

வேலை கிடைத்துவிட்டது என்று அவள் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை புதிதாகச் சேர்ந்த இருபது பேருக்கு முன்னால் ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும், அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள் என்றாள். போனை வைத்ததும் தம்பிக்கு வியர்த்திருந்தது. எனக்கும்தான்.

"கூட வரியாக்கா?" என்றான்.

"வரலாமா?"

யோசித்தான். அல்லது நின்றானோ என்னவோ. எதுவானாலும் நான் காத்திருந்தேன்.

"வா" என்றான். "பே... பேனாவ வீட்டுல வச்சிட்டு வா."