ஒட்டிப்போன பக்கம்

பஞ்சு ஒரு மூக்குத் துவாரத்தில் நுழைந்து மற்றதன் வழியே தெரிந்தது.

மஜீதா கையை நிறுத்தினாள். நனைத்த பஞ்சைச் சுண்டுவிரலில் சுற்றி குளிப்பாட்டக் கிடத்தியிருந்த மய்யித்தின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் சுவர் இருக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு மிளகு போகும் அளவுக்கு ஓட்டை.

"என்ன?" என்றாள் ஷரபுன்னிசா. இறந்துபோன பஸீலாவின் நாத்தனார். செம்பில் தண்ணீரோடு நின்றாள்.

"மூக்குக்குள்ள ஓட்டை."

"அது ரொம்ப நாளா இருக்கு. நீ துடை. லுஹர் தொழுகைக்குள்ள எடுக்கணும்."

மஜீதா துடைத்தாள். பலகையில் கிடந்தது அவளுடைய முகம்தான். இரட்டைப் பிறவிகள். கல்யாணமாகி வெகுகாலம் கழிந்த பிறகும் பாலக்கரைக் கடைக்காரர்கள் ஒருத்தியை மற்றவள் என்று எண்ணிப் பேசினார்கள். நோய் வந்த பிறகுதான் யாருக்கும் குழப்பம் வரவில்லை.

இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரையும் மீறிப் பட்டறையின் அமில வாடை இருந்தது. சுவருக்கு அப்பால் பஸீலாவின் கணவன் நஸ்ருல்லாவின் பட்டறை. பைக் பம்பர், சைலன்சர், கட்டில் கால் என்று எது வந்தாலும் குரோம் முலாம் பூசித் தருவான். இன்று முலாம் கரைசல் தொட்டியை மூடியிருந்தார்கள். மற்ற நாட்களில் அதிலிருந்து மூக்கை அரிக்கும் மஞ்சள் ஆவி எழும். கூலிக்கு வந்தவர்கள் நிற்கவில்லை. பஸீலா நின்றாள். காலையில் சமையல், பிறகு தொட்டி.

விரல் மூட்டுகளில் வட்ட வட்டமாகத் தழும்புகள். மஜீதா ஒவ்வொன்றாகக் கழுவினாள். தன் விரல்களைப் பார்க்கவில்லை.

புற்றுநோய் தெரிந்த புதிதில் டாக்டர் அமிர்தராஜிடம் அவள்தான் கேட்டாள்.

"நாங்க ரெட்டைப் பிள்ளைங்க டாக்டர். எனக்கும் வருமா?"

"பொறந்தப்ப ரெண்டு பேருக்கும் ஒரே புஸ்தகம்மா. எழுத்துக்கு எழுத்து ஒண்ணு. ஆனா இவங்க நுரையீரல்ல எடுத்த சதையில பார்த்தா சில பக்கம் ஒட்டிப்போச்சு. செல் கண்டபடி பெருகினா நிறுத்தற பக்கம். கிழியல. உள்ளேயே இருக்கு. திறக்க முடியல."

"எது ஒட்டுச்சு?"

"மெத்தில்னு ஒரு துணுக்கு. எல்லார் உடம்புலயும் இருக்கறதுதான். எந்த ஜீன் சும்மா இருக்கணுமோ அதுமேல ஒட்டி மூடி வைக்கும். சில சமயம் மூடக்கூடாததையும் மூடிடும். வயசு, புகை, சில உலோகம். குரோமியம்கூட. அது மட்டும்தான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். இவங்க என்ன வேலை பார்த்தாங்க?"

"வீட்லதான் டாக்டர்," என்றான் நஸ்ருல்லா. "சும்மாதான் இருக்கா."

டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார். பஸீலா பேசுவாள் என்று மஜீதா காத்திருந்தாள். பஸீலா கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

கஃபன் துணி உடுத்தி முகத்தை மட்டும் திறந்து வைத்தார்கள். நஸ்ருல்லா வந்தான். இனி தொடக் கூடாது, பார்க்கலாம். பார்த்தான். பிறகு நிமிர்ந்து மஜீதாவைப் பார்த்தான். இரண்டாவது பார்வைதான் நீளமாக இருந்தது.

ஆண்கள் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். கலிமாச் சத்தம் முனை திரும்பி, ஆட்டோ ஹாரன்களுக்குள் போய் மறைந்தது. வீட்டில் பெண்கள் மட்டும். பக்கத்து வீட்டிலிருந்து டீ வந்தது. ஷரபுன்னிசா ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு மஜீதாவின் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் சுத்தி வளைக்க மாட்டேன், மஜீதா. உம் மாப்பிள்ளை குவைத்துல மௌத்தாகி எவ்வளவு காலமாச்சு. தொட்டியத்துல தம்பி வீட்ல இருந்து ஊரான் பிள்ளைங்களுக்கு மூக்குச் சிந்தி விட்டுக்கிட்டு, தம்பி பொண்டாட்டிகிட்ட பேச்சும் வாங்கிக்கிட்டு. இதெல்லாம் ஒரு பொழப்பா?"

"நர்சரி ஸ்கூல்ல டீச்சர் நான். பொழப்புதான்."

"கோவிச்சுக்காதே. நாப்பது நாள் முடியட்டும். நஸ்ருல்லாகிட்ட நான் பேசறேன். அவன் மாட்டேன்னு சொல்ல மாட்டான். அவன் மக சம்ரீனுக்கும் வேத்து ஆளுன்னு தோணாது. அதே முகம்."

"அதே தொட்டி."

"என்னடி?"

"பஸீலாவுக்கு ஏன் வந்துச்சுன்னு கேட்டவங்ககிட்ட எல்லாம் என்ன சொன்னீங்க, அக்கா?"

"என்ன சொன்னேன்? உங்க குடும்ப ரத்தம்னு சொன்னேன். உங்க பெரியத்தாவுக்கும் தொண்டையில வந்துச்சுல்ல?"

"எனக்கும் அதே ரத்தம்தானே. சாகப்போறவள எதுக்குக் கேக்கறீங்க?"

மூலையில் ஓதிக்கொண்டிருந்த பெண்கள் குரலைத் தாழ்த்தினார்கள். ஷரபுன்னிசா டீயை ஊதினாள்.

"வாய் பூரா உனக்கே குடுத்துட்டான் அல்லா. அவளுக்கு ஒண்ணும் வைக்கல."

"வச்சிருந்தா இருந்திருப்பா."

"சரி, வேணாம்னா விடு. கையில புடிச்சா இழுக்க முடியும்? சம்ரீன் இருக்கா. பிளஸ் டூ முடிஞ்சுது. அவ அம்மா படுத்ததுலேருந்து அவதானே எல்லாத்தையும் பாத்துக்கறா."

"எதை?"

ஷரபுன்னிசா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சமையலைத்தான்," என்றாள்.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பினார்கள். கை கழுவினார்கள். துஆ முடிந்ததும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். நஸ்ருல்லா நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"நாளைக்கு டெலிவரி," என்றான், யாரையும் பார்க்காமல். "தொட்டி சூடேற நேரமாகும்." பின்கட்டுக்குப் போனான்.

மஜீதா உள்ளறைக்குப் போனாள். சம்ரீன் அம்மாவின் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். துப்பட்டாவின் நுனியை மூக்கில் அழுத்தியிருந்தாள். நுனி சிவந்திருந்தது.

"என்னம்மா அது?"

"ஒண்ணுமில்ல சின்னம்மா. சூடு. நுங்கு சாப்பிட்டா சரியாயிடும்."

பல வருடங்களுக்கு முன்னால் போனில் பஸீலாவும் இதைத்தான் சொன்னாள். சாப்பிடு என்று மஜீதாவும் சொல்லியிருந்தாள்.

அவள் கதவைச் சாத்தினாள். கஃபனுக்கு வாங்கியதில் மீந்த பஞ்சு ஜன்னலில் இருந்தது. ஒரு துண்டு பிய்த்துச் செம்புத் தண்ணீரில் நனைத்துச் சுண்டுவிரலில் சுற்றினாள்.

"தலையைத் தூக்கு."

சம்ரீன் தூக்கினாள். மஜீதா பஞ்சை உள்ளே விட்டு மெதுவாக அழுத்தினாள். பஞ்சு நடுச்சுவரில் முட்டி நின்றது. இன்னும் கொஞ்சம் மேலே நகர்த்தி அழுத்தினாள். அங்கேயும் நின்றது.

"வலிக்குது சின்னம்மா."

"வலிக்கட்டும்."

மறுபக்கத்தையும் பார்த்தாள். பிறகு பஞ்சை முந்தானையில் முடிந்துகொண்டாள். கட்டிலுக்கு அடியிலிருந்து தன் பையை வெளியே இழுத்தாள். ஜிப்பைத் திறந்து தன் துணிகளையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

சுவருக்கு அப்பால் ஹீட்டர் உறுமத் தொடங்கியது. சம்ரீன் பையின் காலியான பாதியைப் பார்த்தாள்.