சாக்குக்குள் மணிமாறன்

எல்லைச் சண்டையில் ஹெலிகாப்டரோடு விழுந்த விமானி மணிமாறனுக்கு ராசிபுரத்தில் மார்பளவுச் சிலை வைத்துப் பதினான்கு மாதமாகிறது. திறந்து வைக்க வேண்டிய பெரிய மனிதரின் தேதிதான் கிடைக்கவில்லை. ஆகவே, சிற்பி சுற்றி அனுப்பிய சாக்கும் கயிறுமாகவே, வீரர் பேருந்து நிலையத்து முக்கில் பிரிக்காத பார்சல் போல இருந்தார்.

தாய் உண்ணாமலைக்கு ஏற்கெனவே ஒரு பார்சல் வந்திருந்தது. கொடி போர்த்திய பெட்டி. "தொறக்க வேண்டாங்கம்மா" என்று கூட வந்த அதிகாரி மெதுவாகச் சொன்னார். அப்படியே எரித்தார்கள். கடைசியாக முகம் பார்க்காதது அவள் நெஞ்சிலேயே நின்றது. சிலை என்றதும் அதற்காகத்தான் சம்மதித்தாள்.

நினைவுக் குழுத் தலைவர் தமிழரசுவிடம் பத்துத் தடவை கேட்டாயிற்று.

"மூஞ்சிய மட்டும் ஒருக்காக் காட்டுங்க சாமி."

"ஏனுங்கம்மா அவசரம்? உங்க பையன் இனி எங்க போகப் போறாப்ல? பெரியவர் வந்து தொறந்தாத்தான் மருவாதி."

"ஆருக்குங்க?"

தமிழரசு, அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

இரண்டாம் வருட நினைவு நாள். உச்சி வெயிலில் உண்ணாமலை மாலையும் அரிவாளுமாக வந்தாள். பழக்கடை பரக்கத் அலியின் ஸ்டூலில் ஏறிக் கயிற்றை அறுத்தாள்.

ஹெல்மெட் சரி. சீருடை சரி. நடுவில் முறுக்கு மீசை, தாடைக்குக் கீழே இன்னொரு தாடை, மேடைச் சிரிப்பு. தமிழரசு!

பீடத்தில் குழுவினர் பதினெட்டுப் பேரின் பெயருக்கும் கீழே சிற்பியின் செல் எண் இருந்தது. பரக்கத் அலி கூப்பிட்டார்.

"குழு அனுப்பின அஞ்சலி ஃப்ளெக்ஸப் பாத்துத்தானுங்க செஞ்சேன்" என்றார் சிற்பி. "பெருசா இருக்கறவரத்தானுங்களே செய்யோணும்? மூலைல தபால்தலையாட்டம் ஒரு பையன் இருந்தான். அவரோட மகன்னு நெனச்சுட்டேன்."

காரில் பறந்து வந்த தமிழரசு வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"தப்புத்தானுங்க" என்றார். பிறகு மீசையைத் தொட்டபடி, "ஆனா சாயல் நல்லா உளுந்திருக்குது."

உண்ணாமலை மாலையைப் பையிலேயே வைத்துக்கொண்டாள். மறுபடி ஸ்டூலில் ஏறி, சாக்கைப் போர்த்தி, அறுந்த கயிற்றை முடிந்து கட்டினாள். இறங்கும்போது பரக்கத் அலி கைகொடுத்தார்.

"பாய்," என்றாள் அந்தக் கையை விடாமல், "அன்னைக்கு அந்தப் பொட்டிக்குள்ள இருந்தது எம் பையந்தானுங்களா?"